பழைய வழக்குகளும் இன்றைய உரிமைகளும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நீதிமன்றங்கள் ஓர் உரிமைக்குப் பொருள் சொல்லும்போது ஏன் இருநூறு, முந்நூறு வருஷம் பின்னால் போய் பழைய தீர்ப்புகளைத் தேடுகின்றன? இதைப் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, மற்றதை வந்தபடியே தருகிறேன். நான் பெரும்பாலும் ரிட் மனுக்களில், அதாவது அரசின் செயலை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனுக்களில், வேலை செய்பவள். அதனால் என் பதில்களும் அந்தப் பக்கமே சாயும்.

அக்கா, "காமன் லா" என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? (முதலாண்டு சட்ட மாணவி)

ஒரு புத்தகத்தில் இல்லைம்மா, தீர்ப்புகளில் இருக்கிறது. இங்கிலாந்தில் அரசரின் நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டார்கள். ஊருக்கு ஒரு வழக்கம் இருந்த இடத்தில், நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு சட்டம் அந்தத் தீர்ப்புகளிலிருந்து திரண்டு வந்தது. அதனால்தான் "பொது". சட்டமன்றம் எழுதிக் கொடுத்ததல்ல. இதே மாதிரி வழக்கு முன்னால் வந்ததா, அப்போது என்ன காரணம் சொன்னார்கள், அந்தக் காரணம் இங்கேயும் பொருந்துமா என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தது.

ஒரு வழக்கை மட்டும் முழுதாகப் படி, இது புரிந்துவிடும். 1762 நவம்பரில் ஜான் என்டிக் என்பவரின் வீட்டுக்குள் அரசரின் ஆட்கள் நுழைந்தார்கள். அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கொடுத்த வாரன்ட் கையில் இருந்தது. அரசை எதிர்த்து எழுதினார் என்பது சந்தேகம். நான்கு மணி நேரம் பெட்டிகளை உடைத்து, காகிதங்களை எல்லாம் படித்து, அள்ளிக்கொண்டு போனார்கள். என்டிக் அத்துமீறல் வழக்குப் போட்டார். "அரசின் பாதுகாப்புக்கு இது தேவை, ரொம்ப நாளாக இப்படித்தான் செய்கிறோம்" என்பது அரசுத் தரப்பின் வாதம். 1765-ல் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு சொன்னது இதுதான்: இப்படி ஓர் அதிகாரம் சட்டத்தில் இருந்தால் அது நம் புத்தகங்களில் இருக்கும், அங்கே இல்லையென்றால் அது சட்டமே இல்லை.

அதாவது, "என் வீட்டுக்குள் நுழையக் கூடாது" என்று ஒரு சட்டத்தை என்டிக் காட்ட வேண்டியதில்லை. "நுழையலாம்" என்று ஒரு சட்டத்தை அரசு காட்ட வேண்டும். இந்த ஒரு திருப்பத்தைப் பிடித்துக்கொள். 2012-ல் அமெரிக்காவில் ஒருவரின் காருக்கு அடியில் போலீஸ் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்திய வழக்கு வந்தபோதுகூட அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த 1765 தீர்ப்பைத்தான் எடுத்துப் பேசியது.

சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷமாகியும் வெள்ளைக்காரன் தீர்ப்பை ஏன் நம் நீதிமன்றத்தில் படிக்கிறீர்கள், மேடம்?

கோபம் நியாயமானது. முதலில் அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். 1726-ல் ஓர் அரச சாசனத்தின் மூலம் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று நகரங்களிலும் மேயர் நீதிமன்றங்கள் அமைந்தன. அவற்றோடு ஆங்கிலச் சட்டமும் இறங்கியது. மற்ற பகுதிகளில் எழுதிய சட்டம் இல்லாத இடத்தில் "நீதி, சமன்மை, நல்ல மனசாட்சி" என்பதன்படி தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. 1887-ல், அன்றைய இந்தியாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அதற்கு விளக்கம் தந்தது: இந்தியச் சூழலுக்குப் பொருந்தினால் ஆங்கிலச் சட்ட விதிகளே அந்த நல்ல மனசாட்சி. பிறகு 1950-ல் நம் அரசியலமைப்பின் 372-வது பிரிவு, அதுவரை இருந்த சட்டங்கள் மாற்றப்படும் வரை தொடரும் என்றது.

தொடரும் என்றால் அப்படியே தொடரும் என்று பொருளில்லை. "சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்காவிட்டால் அது அரசரைக் கட்டுப்படுத்தாது" என்று பழைய விதி ஒன்று உண்டு. கல்கத்தாவில் மாநில அரசே உரிமம் வாங்காமல் சந்தை நடத்தியது. மாநகராட்சி வழக்குப் போட்டது. அரசரே இல்லாத நாட்டில் அரசருக்கான சலுகை எப்படி நிற்கும் என்று 1966 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது. அதற்கு ஆறு வருஷம் முன்னால் தானே சொன்ன தீர்ப்பையும் மாற்றிக்கொண்டது.

இன்னொன்று, டெல்லியில் 1985 டிசம்பரில் ஓலியம் வாயு கசிந்த வழக்கு. ஆபத்தான தொழில் செய்பவரின் பொறுப்பைப் பற்றி இங்கிலாந்தில் 1868-ல் ஒரு விதி வகுத்திருந்தார்கள். அதில் விதிவிலக்குகள் பல. போபாலைப் பார்த்த ஒரு நாட்டுக்கு அது போதாது என்று நீதிபதி பகவதி நினைத்தார். விதிவிலக்கே இல்லாத முழுப் பொறுப்பு என்று புதிதாக வகுத்தார். இங்கிலாந்தில் சட்டம் எப்படி இருக்கிறது என்பது நம் சிந்தனைக்கு வேலி ஆகக் கூடாது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார். என் கணக்கில் சரியான முறை இதுதான். பழைய விதியின் பின்னால் இருக்கும் காரணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், விதியை அப்படியே சுமக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரையும் முன்பக்க அறையையும் ஒரு நாள் மாலையில் வந்து இடித்துவிட்டார்கள். நோட்டீஸ் எதுவும் வரவில்லை. "சட்டத்தில் நோட்டீஸ் கொடுக்கச் சொல்லவில்லை" என்கிறார்கள். இதில் வரலாறு எனக்கு என்ன உதவி செய்யும்?

ரொம்பவே உதவும். உங்கள் கதையை அப்படியே 1863-ல் லண்டனில் பார்க்கலாம்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. வீடு கட்டத் தொடங்குவதற்கு ஏழு நாள் முன்னால் உள்ளூர் வாரியத்துக்குத் தகவல் தர வேண்டும், தராவிட்டால் வாரியம் இடிக்கலாம். கூப்பர் என்பவர் வீடு கட்டினார். தகவல் அனுப்பினேன் என்றார் அவர், வரவில்லை என்றது வாண்ட்ஸ்வொர்த் வாரியம். கட்டடம் இரண்டாவது தளம் வரை எழும்பியிருந்தது. ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு வாரியத்தின் ஆட்கள் வந்து தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள். கூப்பர் வழக்குப் போட்டார். சட்டத்தில் இடிக்கும் அதிகாரம் தெளிவாக இருக்கிறது, முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் இல்லை என்று வாரியம் வாதாடியது.

கூப்பர்தான் ஜெயித்தார். சட்டமன்றம் எழுதாமல் விட்டதைக் காமன் லாவின் நீதி நிரப்பும் என்றார் நீதிபதி பைல்ஸ். அதற்கு அவர் துணைக்கு அழைத்தது 1723-ல் நடந்த இன்னொரு வழக்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் டாக்டர் பென்ட்லி என்பவரின் பட்டங்களை அவரைக் கேட்காமலே பறித்தது. கடவுளே ஆதாமைத் தண்டிப்பதற்கு முன்னால் "எங்கே இருக்கிறாய், அந்தப் பழத்தைச் சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டுத்தானே தண்டித்தார் என்று அந்த வழக்கில் ஒரு நீதிபதி சொன்னார். எதிர்த்தரப்பையும் கேள் என்ற இயற்கை நீதிக் கோட்பாடு நம் நாட்டுக்கு இந்த வழியாகத்தான் வந்தது.

நம் நாட்டில் 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் இதே கேள்வி வந்தது. நோட்டீஸ் இல்லாமலே அகற்றலாம் என்பது போல மாநகராட்சிச் சட்டம் எழுதப்பட்டிருந்தது. விதிவிலக்கான சூழலுக்குத்தான் அந்த அதிகாரம், சாதாரணமாக நோட்டீஸ் கொடுத்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதைப் படித்தது. வாழ்வாதாரமும் வாழும் உரிமைக்குள் வரும் என்றது. அந்த நடைபாதையிலேயே தங்கிக்கொள்ளும் உரிமை மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. கேட்கப்படும் உரிமை வேறு, ஜெயிக்கும் உரிமை வேறு.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வீடு இடிப்பு வழக்கில் கொடுத்த உத்தரவு உங்கள் கையில் இருக்கும் நேரடி ஆயுதம். குறைந்தது 15 நாள் நோட்டீஸ், பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். சாலை, நடைபாதை, நீர்நிலை மாதிரிப் பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புக்கு இது பொருந்தாது. அதனால் உங்கள் பட்டா, அளவை வரைபடம், கட்டட அனுமதி, இடித்த அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். தாமதம் வேண்டாம்.

அரசியலமைப்பை எழுதியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்த்தால் போதாதா? அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுவதும் இருக்கின்றனவே. (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

தேர்வுக்குச் சுருக்கமான விடை: உதவும், ஆனால் போதாது. ஏன் என்பதற்கு 1950 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீராது.

மே 19: ஏ.கே. கோபாலன் வழக்கு. கம்யூனிஸ்ட் தலைவர், சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்தார். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க 21-வது பிரிவு கேட்பது "சட்டத்தால் நிலைநாட்டப்பட்ட நடைமுறை". அமெரிக்காவில் இருப்பது "டியூ ப்ராசஸ்", அதாவது நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சோதித்துப் பார்க்க இடம் தரும் சொல். நம் வரைவிலும் முதலில் அதுதான் இருந்தது. அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்தச் சொல் நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் தரும் என்ற எச்சரிக்கையோடு திரும்பினார். ஜப்பானின் 1946 அரசியலமைப்பில் இருந்தது போன்ற சொற்றொடர் அந்த இடத்துக்கு வந்தது. வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள், ஆகவே சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும் என்றது பெரும்பான்மை. கோபாலன் தோற்றார்.

மே 26, ஒரே வாரம் கழித்து: ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயில் அச்சான "கிராஸ் ரோட்ஸ்" இதழைச் சென்னை அரசு மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்தது. கருத்துரிமைக்கான வரம்புகளில் வரைவில் இருந்த "ராஜதுரோகம்" என்ற சொல்லை நிர்ணய சபை எடுத்துவிட்டதே, அப்படியானால் அரசை விமர்சிப்பதைத் தடுக்க அவர்கள் விரும்பவில்லை என்றுதானே பொருள் என்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதினார். இதழ் ஜெயித்தது.

ஒரே நீதிமன்றம். பதஞ்சலி சாஸ்திரி இரண்டிலும் பெரும்பான்மையில்தான் இருந்தார். வரைவில் ஒரு சொல்லை எடுத்த வரலாறு ஓர் உரிமையைச் சுருக்கியது, அதே மாதிரி வரலாறு இன்னோர் உரிமையை விரித்தது. எடுத்தவர்களின் மனதில் என்ன இருந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் உரிமையின் கதி அன்றைய பயத்தைப் பொறுத்ததாகிவிடும்.

கோபாலன் வழக்கில் நீதிபதி ஃபசல் அலி மட்டும் தனியாக நின்றார். "நடைமுறை" என்ற சொல்லுக்குள்ளேயே நோட்டீஸ், கேட்கப்படும் வாய்ப்பு, நடுநிலையான தீர்ப்பாயம் எல்லாம் அடக்கம் என்றார். கூப்பரின் வீட்டுக்குக் கிடைத்த அதே பாதுகாப்புதான். 28 வருஷம் அது சிறுபான்மைத் தீர்ப்பாகவே கிடந்தது. 1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கிவிட்டு, பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல முடியாது என்றது அரசு. 1978 ஜனவரி 25-ல் வந்த தீர்ப்பில், நடைமுறை என்றால் அது நியாயமான நடைமுறையாகத்தான் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிர்ணய சபை வாசலில் நிறுத்திய சொல், காமன் லாவின் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. இது சரியா என்று கேட்டால், நான் சரி என்பேன். எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதமும் லேசானதல்ல: மக்கள் பிரதிநிதிகள் வேண்டாம் என்றதை நீதிபதிகள் எப்படிக் கொண்டு வரலாம் என்கிறார்கள். தேர்வில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

நெருக்கடி நிலையின்போது நான் பள்ளி ஆசிரியன். என்னுடன் வேலை பார்த்த ஒருவரைக் கொண்டுபோனார்கள். எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது இந்த ஹேபியஸ் கார்பஸ், மேக்னா கார்ட்டா என்ற பழைய உரிமைச் சாசனம் எல்லாம் எங்கே போயின, அம்மா?

ஐயா, இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு அதிக நேரம் பிடித்தது.

ஹேபியஸ் கார்பஸ், அதாவது அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு, இங்கிலாந்தில் அரசரோடு மல்லுக்கட்டி வளர்ந்தது. 1627-ல் அரசருக்குக் கட்டாயக் கடன் தர மறுத்த, நைட் பட்டம் பெற்ற ஐந்து பேரைச் சிறையில் போட்டார்கள். காரணம் "அரசரின் ஆணை", அவ்வளவுதான். நீதிமன்றம் அவர்களைக் கைவிட்டது. அந்த அவமானத்திலிருந்துதான் 1628-ல் உரிமைக் கோரிக்கை மனு வந்தது, 1679-ல் ஆட்கொணர்வுச் சட்டம் வந்தது. ஆக இந்த வரலாற்றின் சாரமே, காரணம் சொல்லாமல் யாரையும் அடைத்து வைக்க முடியாது என்பதுதான்.

1976-ல் நம் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வியும் அதுவே. 9 உயர் நீதிமன்றங்கள் காவலில் இருப்பவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தன. அரசு அப்பீல் போனது. விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரலைக் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைச் சுட்டுக் கொன்றால்கூட நீதிமன்றம் எதுவும் செய்ய முடியாதா? என் வாதத்தின்படி, நெருக்கடி நிலை இருக்கும் வரை முடியாது என்று பதில் வந்தது. ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அந்த வாதத்தை ஏற்றார்கள். உயிரும் சுதந்திரமும் 21-வது பிரிவிலிருந்து மட்டும்தான் வருகின்றன, அந்தப் பிரிவைச் செயல்படுத்தக் கேட்கும் உரிமை நிறுத்தப்பட்டுவிட்டால் கேட்க எதுவுமில்லை என்றார்கள். காமன் லாவில் இருந்த பழைய உரிமை 21-வது பிரிவுக்குள் கரைந்துவிட்டது என்பது அதன் உட்பொருள்.

பெரும்பான்மைத் தரப்பும் வரலாற்றைத்தான் காட்டியது. அது 1941-ல், போர்க்காலத்தில், அப்போது இங்கிலாந்தின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்ன லிவர்சிட்ஜ் தீர்ப்பு. அமைச்சர் நம்பிக்கை இருக்கிறது என்று சொன்னால் போதும், நீதிமன்றம் காரணம் கேட்காது என்ற தீர்ப்பு. அதிலும் ஒருவர் தனித்து நின்றார், அட்கின் பிரபு. ஆயுதங்கள் மோதும் நேரத்திலும் சட்டங்கள் ஊமையாவதில்லை என்றார். நம் நீதிமன்றம் அதைக் கையில் எடுப்பதற்குப் பதின்மூன்று வருஷம் முன்னாலேயே, 1963-ல், அதை விசித்திரமான தீர்ப்பு என்று பிரபுக்கள் சபையிலேயே ரீட் பிரபு சொல்லியிருந்தார். பிறந்த ஊரிலேயே மதிப்பிழந்த முன்தீர்ப்பை இங்கே கொண்டுவந்து மனிதர்களின் சுதந்திரத்தை அடைத்தார்கள். இதை என்னால் வெறும் சட்டப் பிழையாகப் பார்க்க முடியவில்லை.

கன்னாவின் பதில் என்டிக் வழக்கின் பதில்தான். 21-வது பிரிவே இல்லாவிட்டாலும் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றார். அரசியலமைப்பு அந்த உரிமையை அங்கீகரித்தது, உண்டாக்கவில்லை. அதற்கு விலையாக, அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதி ஆனார். அவர் ராஜினாமா செய்தார். 1978-ல் வந்த 44-வது திருத்தத்துக்குப் பிறகு நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளை நிறுத்த முடியாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை வழக்கில், 1976 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தள்ளியது. அந்த வரிகளை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-ல் பெரும்பான்மையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அவருடைய அப்பா.

உங்களுடன் வேலை பார்த்தவர் திரும்பி வந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருப்பார் என்று நம்புகிறேன்.

அக்கா, பழைய சட்டத்தில் பெண்கள் எங்கே இருந்தார்கள்?

கணவனின் நிழலில். கல்யாணம் ஆனதும் மனைவியின் சட்ட ஆளுமை கணவனுக்குள் அடங்கிவிடும் என்பது காமன் லாவின் விதி. மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தால் குற்றமில்லை என்ற விதிவிலக்குக்கு வேர், மேத்யூ ஹேல் என்ற நீதிபதியின் புத்தகத்தில் இருக்கும் சில வரிகள்தான். அவர் இறந்தது 1676, புத்தகம் அச்சானது 1736. திருமணத்தில் மனைவி திரும்பப் பெற முடியாத சம்மதத்தைக் கொடுத்துவிட்டாள் என்று எழுதினார். அதற்கு ஆதாரமாக ஒரு வழக்கைக்கூட அவர் காட்டவில்லை. அந்த வரிகள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சட்டமாக நின்றன. இங்கிலாந்து 1991-ல் தூக்கி எறிந்தது. நம் உச்ச நீதிமன்றம் 2017-ல் 15 முதல் 18 வயது வரை உள்ள மனைவியருக்கு மட்டும் அதை நீக்கியது. 18 வயதுக்கு மேற்பட்ட மனைவிக்கு அந்த விதிவிலக்கு 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது.

அடுத்தவர் மனைவியோடு உறவு வைப்பதைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை 2018-ல் ரத்து செய்தபோது நீதிமன்றம் வரலாற்றை வேறு விதமாகப் பயன்படுத்தியது. கணவன் சம்மதித்தால் அந்த உறவு குற்றமில்லை, மனைவி புகார் கொடுக்க முடியாது என்று அந்தப் பிரிவு இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தால், மனைவி கணவனின் உடைமை என்ற எண்ணம் அடியில் கிடந்தது. அதைக் காட்டியதும் சமத்துவ உரிமை அதன் காலை வாரிவிட்டது.

நம் ஊர் வரலாறு, நம் வழக்கம், இவற்றுக்கு மதிப்பே இல்லையா? எல்லாம் லண்டன்தானா?

மதிப்பு கொடுத்தார்கள். எப்படி என்று பாருங்கள். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார்கள் சிலர் போய் வழிபட்டார்கள். ராமநாதபுரம் சமஸ்தானம் வழக்குப் போட்டது. சாட்சிகள், பழைய வழக்கம், சாஸ்திரம் எல்லாம் நீதிமன்றத்தில் அடுக்கப்பட்டன. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-ல் நாடார்கள் தோற்றார்கள், காரணம் வழக்கம். நெடுங்காலமாக உள்ளே விடவில்லை, ஆகவே உள்ளே வர உரிமையில்லை.

இந்த வழக்கை மறக்கக் கூடாது. வழக்கத்தை உரிமைக்கு அளவுகோலாக வைத்தால், யாரை வெளியே நிறுத்தினார்களோ அவர்கள் என்றைக்கும் வெளியே. நம் அரசியலமைப்பு இதைத் தெரிந்தே எழுதப்பட்டது என்பது என் நம்பிக்கை. 13-வது பிரிவில் அடிப்படை உரிமைக்கு முரணான "சட்டம்" செல்லாது என்கிறது, அந்தச் சட்டம் என்ற சொல்லுக்குள் வழக்கத்தையும் வழக்காற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அதற்கு இங்கிலாந்தின் எந்த முன்தீர்ப்பிலும் வேர் கிடையாது. அதன் வேர் கோவில் வாசலிலும் கிணற்றடியிலும் தெருவிலும் தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் போராட்டத்தில் இருக்கிறது. நீதிபதி 17-வது பிரிவுக்குப் பொருள் சொல்லும்போது படிக்க வேண்டிய வரலாறு அதுதான்.

அமெரிக்காவில் துப்பாக்கி வழக்குகளுக்கு 1300-களின் ஆங்கிலச் சட்டத்தைப் பார்க்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. 1328-ல் வந்த நார்தாம்ப்டன் சட்டம் ஆயுதத்தோடு பொது இடத்தில் நடமாடுவதைத் தடுத்தது. அது எல்லா ஆயுதத்தையுமா, மிரட்டும் வகையில் போனால் மட்டுமா என்று 2022-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் சண்டை நடந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாடு செல்ல வேண்டுமானால் அது நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருப்பதை அரசு காட்ட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. விளைவு இரண்டே வருஷத்தில் வந்தது. குடும்ப வன்முறைக்காகத் தடையாணை பெற்றிருந்த ஒருவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாமா? 18-ம் நூற்றாண்டில் அப்படிச் சட்டம் இல்லை என்று கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இருந்திருக்காதுதானே, மேலே ஹேலைப் பற்றிச் சொன்னேனே. 2024-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அதை மாற்றியது. மிரட்டுபவர்களிடம் ஜாமீன் வாங்கும் பழைய சட்டங்களைக் காட்டி, அதே சட்டம் இருந்திருக்க வேண்டியதில்லை, கொள்கை ஒத்திருந்தால் போதும் என்றது. காரணத்தை எடு, விதியைச் சுமக்காதே என்று மேலே சொன்னதற்கு அவர்களும் சுற்றி வந்திருக்கிறார்கள்.

மேடம், ஜூனியராக இருக்கிறேன். மனுவில் வரலாற்றை எப்படிச் சேர்ப்பது?

குறைவாக. நான் ஜூனியராக இருந்தபோது ஒரு பழைய ஆங்கிலத் தீர்ப்பிலிருந்து ஒரு வரியைத் தொகுப்பு நூலில் பார்த்து எடுத்துப் போட்டேன். நீதிபதி முழுத் தீர்ப்பையும் கொண்டுவரச் சொன்னார். இரவு உட்கார்ந்து படித்தால், அந்த வரி தோற்ற தரப்பின் வாதம். மறுநாள் காலையில் எழுந்து நின்று அதைத் திரும்பப் பெற்றேன். அன்றிலிருந்து மூலத்தை முழுதாகப் படிக்காமல் எதையும் மேற்கோள் காட்டுவதில்லை. நீங்களும் ஒவ்வொரு பழைய தீர்ப்பையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். யார் கேட்டது, எந்தத் தீமையைத் தடுக்க, அப்போது யாருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை, பிறகு அதை யாராவது மாற்றினார்களா. எதிர்த்தரப்பு கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டுவிடுங்கள்.

மேக்னா கார்ட்டா இன்னும் உயிரோடு இருக்கிறதா? (பத்தாம் வகுப்பு)

சில வரிகள் மட்டும் இருக்கின்றன தம்பி. 1215-ல் அரசர் ஜான் அந்தச் சாசனத்தில் ஒப்புக்கொண்டதில் ஒன்று: நீதியை யாருக்கும் விற்கமாட்டோம், மறுக்கமாட்டோம், தாமதிக்கமாட்டோம். 2013-ல் இங்கிலாந்து அரசு, வேலை சம்பந்தமான தீர்ப்பாயங்களில் வழக்குப் போடக் கட்டணம் கொண்டு வந்தது. விசாரணை வரை போனால் சில வழக்குகளுக்கு 1,200 பவுண்டு. பாக்கிச் சம்பளம் கேட்டு வருபவரால் அதைக் கட்ட முடியவில்லை. வழக்குகளின் எண்ணிக்கை சரிந்தது. ஒரு தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. 2017 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த 800 வருஷத்து வரியை எடுத்துக் காட்டி, நீதிமன்றத்தை அணுகுவது காமன் லா தந்த உரிமை, சாதாரண மனிதரால் கட்ட முடியாத கட்டணம் அதைப் பறிக்கிறது என்று கட்டண உத்தரவை ரத்து செய்தது. கட்டியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது.